குவானே நீர்க்காகமும் ரைசோபியமும்: தழைச்சத்துக்கு எது?

பெருவின் கடலோரத் தீவுகளில் வாழும் குவானே நீர்க்காகம் நெத்திலி மீனைத் தின்று, கடலின் தழைச்சத்தை (நைட்ரஜனை) கரையில் எச்சமாகக் குவிக்கிறது. இந்த எச்ச உரம்தான் குவானோ. அங்கே மழை மிகக் குறைவு. அதனால் சத்து கரைந்தோடாமல் தங்குகிறது. நல்ல குவானோவில் 10 சதவீதத்துக்கு மேல் தழைச்சத்தும், கூடவே மணிச்சத்தும் (பாஸ்பரஸும்) உண்டு. பலவீனம் ஒன்றுதான், ஆனால் பெரியது: கடல் நீர் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் நெத்திலி ஆழத்துக்குப் போய்விட, பறவைகள் கூட்டமாகச் செத்துப்போகும்.

பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியாவான ரைசோபியம் எதையும் இடம் மாற்றுவதில்லை. காற்றிலுள்ள நைட்ரஜனையே அம்மோனியாவாக்குகிறது. பயறு வகைச் செடி தரும் சர்க்கரைதான் அதற்குக் கூலி. மணிச்சத்தை இது தராது. பயிருக்கேற்ற இனம் வேண்டும்: சோயாவுக்கானது கொண்டைக்கடலைக்கு உதவாது.

10 கிலோ விதைக்கு 200 கிராம் ரைசோபியம் நுண்ணுயிர் உரம் கலந்து, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைக்க வேண்டும். வெயிலில் காயவைத்தாலோ பூஞ்சைக்கொல்லியுடன் சேர்த்துக் கலந்தாலோ பாக்டீரியா செத்துவிடும். பூக்கும் பருவத்தில் வேர்முடிச்சை வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையோ பச்சையோ என்றால் இல்லை. மண்ணில் அமிலத்தன்மை மிகுந்தாலும், மாலிப்டினம் என்ற நுண்சத்து குறைந்தாலும் இப்படி ஆகும்.

இரண்டையும் சேர்த்துப் போட்டால் லாபம் இரட்டிப்பு என்று எண்ண வேண்டாம். மண்ணில் நைட்ரேட் (செடி உறிஞ்சும் தழைச்சத்து வடிவம்) மிகுந்தால் செடி முடிச்சே விடாது. பயறுக்கு ரைசோபியம் போதும். குவானோவைத் தானியத்துக்கும் காய்கறிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.