எல் நிடோவா, கொரோனா?

எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒருவன் ‘எல் நிடோவா, கொரோனா?’ என்று கேட்டான். ‘அதுதான் ஒருவழியாகப் போய்விட்டதே, மறுபடியும் எதற்கு?’ என்று இன்னொருவன் பதில் போட்டான். பிலிப்பைன்ஸின் பலாவான் மாகாணத்தில் கொரோன் என்று ஓர் ஊர் இருப்பது, எங்கள் ஐந்து பேரில் மூன்று பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் 14 நாள் வரை விசா வேண்டாம் என்று 2025 ஜூனில் பிலிப்பைன்ஸ் அறிவித்ததிலிருந்து, தெரிந்தவர்கள் எல்லாம் என்னிடம் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். பலாவான் என்பது ஒரே தீவு அல்ல. 400 கிலோமீட்டருக்கு மேல் கத்திபோல் நீளும் பெரிய தீவும், அதைச் சுற்றி 1,700-க்கு மேற்பட்ட குட்டித் தீவுகளும் சேர்ந்த மாகாணம். பெரிய தீவின் வட முனையில் எல் நிடோ, நடுவில் தலைநகர் புவேர்ட்டோ பிரின்செசா. இன்னும் வடக்கே, புசுவாங்கா என்ற தனித் தீவில் கொரோன். மூன்றுக்கும் மணிலாவிலிருந்து விமானம் உண்டு.

படங்களைப் பார்த்து முடிவு செய்தால் மூன்றும் ஒன்றுதான்: பச்சைத் தண்ணீர், கரும்பாறை, வெள்ளை மணல். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். படகு ஓடாத நாளில் அந்த ஊரில் என்ன செய்வீர்கள்? இங்கே எல்லாமே படகுதான். காற்று எழுந்தால் கடலோரக் காவல்படை சிறு படகுகளை நிறுத்திவிடும். ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று நம்மூர் வானிலை அறிக்கையில் கேட்டுவிட்டுச் சேனலை மாற்றுவோமே, அது அங்கே நம் தலையில் விழும்.

முதலில் எல் நிடோ. அழகில் இதற்குத்தான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாக்குயித் விரிகுடாவில் சுண்ணாம்புப் பாறைகள் கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும். அந்தப் பாறைப் பொந்துகளில் உழவாரன் குருவிகள் கட்டும் கூடு சீனர்களின் சூப்புக்குப் போகும். ஊர்ப் பெயருக்கே ஸ்பானிய மொழியில் ‘கூடு’ என்றுதான் பொருள். படகுச் சுற்றுலாக்களை ஏ, பி, சி, டி என்று நான்கு தடங்களாகப் பிரித்திருக்கிறார்கள். எந்தக் கடையில் சீட்டு வாங்கினாலும் ஏறக்குறைய அதே இடங்கள், அதே சுட்ட மீன் சாப்பாடு. ஆகவே கடை கடையாக ஏறி இறங்கி விசாரிப்பது வீண். ஏ-யும் சி-யும் போதும். பாறைகள் சூழ்ந்த கடல்நீர்த் தேக்கமான பெரிய லகூனுக்குள் போக, கயாக் என்ற சிறு துடுப்புப் படகுக்கு வாடகை தனி. எங்களில் இரண்டு பேர் ஒரே கயாக்கில் ஏறி, ஆளுக்கொரு திசையில் துடுப்புப் போட்டு, வட்டமடித்துக்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாம் நாள் படகு இல்லை. நாக்பான் கடற்கரைக்குப் போனோம். 4 கிலோமீட்டர் நீளம், தென்னை வரிசை, பார்க்க அற்புதம். ஆனால் அலை அடித்த அடியில் முழங்காலுக்கு மேல் நனைய யாருக்கும் தைரியம் வரவில்லை. மீதிப் பொழுது ஊருக்குள். குறுகலான சந்துகள், காபிக் கடை, பார், மறுபடியும் காபிக் கடை. விரிகுடா மேற்கே பார்த்துத் திறந்திருப்பதால், ஜூன் முதல் அக்டோபர் வரை வீசும் தென்மேற்குக் காற்றை, அவர்கள் மொழியில் ஹாபகாத்தை, எல் நிடோ நேராக வாங்கிக்கொள்ளும். அந்த மாதங்களில்தான் விடுமுறை என்றால், இந்த ஊரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கொரோன் முதல் பார்வைக்கு ஏமாற்றும். ஊரில் கடற்கரையே கிடையாது, படகுத்துறைதான். தவிர, கொரோன் ஊர் இருப்பது கொரோன் தீவில் இல்லை. தீவு எதிரே தெரிகிறது. அது தாக்பன்வா பழங்குடியினரின் பரம்பரை நிலம், சட்டப்படி உரிமைப் பட்டயம் பெற்றது. தீவிலுள்ள ஏரிகளில் சிலதான் வெளியாட்களுக்கு, மற்றவை அவர்களுக்குப் புனிதம். திறந்திருப்பவற்றில் கயாங்கன் ஏரிக்குப் படி ஏறி மேட்டைக் கடந்து இறங்க வேண்டும். தண்ணீர் அவ்வளவு தெளிவு, ஆழம் கண்ணுக்குப் பிடிபடாது. நீச்சல் தெரியாத நண்பன் உயிர்காப்பு அங்கியோடு மிதந்தபடி ‘கீழே பார்க்கவே மாட்டேன்’ என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பர்ராகூடா ஏரியில் இன்னொரு விசித்திரம். மேலே நல்ல தண்ணீர், அடியில் உப்புத் தண்ணீர். ஆழம் போகப்போகச் சூடு ஏறும், முக்குளிப்பவர்கள் 38 டிகிரி வரை உணர்வார்கள்.

இதோடு கப்பல்கள். 1944 செப்டம்பர் 24 அன்று, இங்கே ஒதுங்கியிருந்த ஜப்பானியக் கப்பல்களை அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. பெரியவற்றைப் பார்க்க முக்குளிப்புப் பயிற்சி வேண்டும். லுசோங் தீவருகே கிடப்பது மட்டும் அவ்வளவு மேலே இருக்கிறது, முகமூடியும் மூச்சுக் குழாயும் போதும். சும்மா மிதந்தபடியே பவளம் படர்ந்த கப்பலைப் பார்த்துவிடலாம். எங்கள் ஐந்து பேருக்கும் ஒருசேரப் பிடித்தது இது ஒன்றுதான்.

படகு ஓடாத நாள்? தப்யாஸ் மலையில் 700-க்கும் மேல் படிகள். மாலையில் ஏறி, முழங்கால் நடுங்க இறங்கி, நேரே மக்கினித் வெந்நீர் ஊற்று. உப்பு வெந்நீர், பக்கத்தில் அலையாத்திக் காடு. மழை தூறினால் இன்னும் சுகம். கடல் சற்று அடங்கினால் கூலியோன் தீவு. 1906-இல் தொடங்கிய தொழுநோயாளர் குடியிருப்பு, ஒரு காலத்தில் உலகிலேயே பெரியது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் எங்கள் குழு முதன்முறையாக அரை மணி நேரம் பேசாமல் இருந்தது.

புவேர்ட்டோ பிரின்செசாவை விமானத்தில் வந்து இறங்கி வேறு ஊருக்கு ஓடும் ஊராகத்தான் பலர் வைத்திருக்கிறார்கள். 1999-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நிலத்தடி ஆறு இங்கேதான். 8 கிலோமீட்டருக்கு மேல் குகைக்குள் ஓடி நேரே கடலில் கலக்கிறது. முன்கூட்டியே அனுமதிச் சீட்டு, சபாங் வரை இரண்டு மணி நேர வேன், அப்புறம் படகு. உள்ளே வௌவால்கள் ஆயிரக்கணக்கில். அண்ணாந்து பார்க்கும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். ஆற்றைவிட எனக்கு ஊரின் சாப்பாடு பிடித்தது. வியட்நாம் அகதிகள் விட்டுச்சென்ற சாவ் லாங் என்ற நூடுல்ஸ் சூப், தொட்டுக்கொள்ள ரொட்டி. கடல் அமைதியாக இல்லாவிட்டாலும் ஊர் ஊராகவே இயங்கும் என்பது இதன் பலம். நீந்தத்தான் சுவாரசியமாக எதுவும் இல்லை.

சைவர்கள் கவனிக்க: காய்கறிக் கூட்டிலும் இறால் விழுது இருக்கும், கேட்டுச் சாப்பிடுங்கள். வெளிநாட்டவர் கூட்டம் அதிகம் என்பதால் எல் நிடோவில் சமாளிக்கலாம். கொரோனில் எங்கள் சைவ நண்பன் பூண்டுச் சோறு, மாம்பழம், உள்ளூர் முந்திரி என்று நாளை ஓட்டினான்.

ஐந்து நாள்தான் என்றால், கூட்டத்தில் நீந்தாதவர் ஒருவராவது இருந்தால், கொரோன். ஜனவரியிலிருந்து மே-க்குள், எல்லோரும் கடல் பைத்தியம் என்றால் எல் நிடோ. ‘இரண்டையும் பார்த்துவிடலாம், ஃபெர்ரி நாலு மணி நேரம்தானே’ என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். எங்களிலும் சொன்னான். அந்த ஃபெர்ரி ஓடாத காலையில் மற்ற நாலு பேரும் அவனைத்தான் பார்த்தோம். அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் எல் நிடோவிலிருந்து ஆறு மணி நேரம் வேனில் குலுங்கி புவேர்ட்டோ பிரின்செசா போய்த்தான் விமானம் பிடித்தோம். சாவ் லாங் சாப்பிட்டது அந்த ராத்திரிதான்.