ஊரில் விரல் வீங்கினால்: எலுமிச்சம்பழம் முதல் கட்டுப் போடும் அறை வரை

விடுமுறைக்குத் தமிழ்நாடு வருகிறவர்களுக்கு நகச்சுத்தி வருவது அபூர்வமில்லை. மீன் ஆயும்போது முள் குத்தும், தேங்காய் உடைக்கும்போது சிராய் ஏறும், கல்யாண வீட்டில் நாள் முழுக்கக் கை ஈரத்திலேயே கிடக்கும், குழந்தைகள் நகத்தைக் கடிப்பார்கள். நகத்தின் ஓரத் தோல் லேசாகக் கிழிந்தாலே போதும், தோலின் மேலேயே குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி உள்ளே போய்விடும். மறுநாள் நகக்கண் சிவந்து வீங்கும். அடுத்த இரவு விண்விண்ணென்று தெறித்துத் தூக்கம் போகும்.

இதற்கு ஊரில் வைத்தியத்துக்குக் குறைவே இல்லை. வீட்டு வைத்தியம், மெடிக்கல் ஷாப், சித்தா டாக்டர், அரசு ஆஸ்பத்திரி, தனியார் கிளினிக் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. எந்த நாளில் எதற்குப் போவது என்று தெரியாமல் வரிசை மாற்றிப் போவதில்தான் விரல் கெடுகிறது. சீழ் பிடிக்காதவரை வெந்நீர் போதும். சீழ் பிடித்துவிட்டால் அதை வெளியே எடுத்தாக வேண்டும். அந்த வேலையை மாத்திரை செய்யாது.

வீட்டில் பெரியம்மா முதலில் சொல்வது எலுமிச்சம்பழம். "ஒரு ராத்திரி மாட்டிட்டுப் படு, காலையில பழுத்து உடைஞ்சிரும்." பழத்தின் முனையை வெட்டி, உள்ளே குடைந்து, மஞ்சள் தூள் கொஞ்சம் போட்டு விரலைச் செருகிக் கட்டுவார்கள். குளிர்ச்சியாக இருக்கும், விரல் எதிலும் இடிபடாமல் இருக்கும், அதனால் வலி கொஞ்சம் அடங்கும். ஆனால் சாறு தோலைத் தாண்டி உள்ளே போய்ச் சீழை இழுப்பதில்லை. இரவு முழுக்கச் செருகி வைத்தால் தோல் வெளுத்து ஊறி, இருக்கிற வெடிப்பு இன்னும் பெரிதாகும். இன்னொரு கேடும் உண்டு. எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் உள்ள ஒரு வேதிப்பொருள் கையில் ஒட்டியிருக்கும்போது வெயில் பட்டால், ஓரிரு நாளில் அந்த இடம் கொப்பளித்துக் கருக்கும். கறுப்பு மறையப் பல வாரம் ஆகும். பழத்தை மாட்டியே தீருவேன் என்றால் அரை மணி நேரம் போதும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெளியே போங்கள்.

சுண்ணாம்பு கூடவே கூடாது. மஞ்சளோடு குழைத்துச் சிவப்பாக்கித் தடவும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வெற்றிலைச் சுண்ணாம்பு கடுமையான காரம், வீங்கிய தோலை வேக வைத்துவிடும். மருதாணியும் மஞ்சள் பற்றும் பெரிய கெடுதல் செய்யாவிட்டாலும், மறுநாள் டாக்டர் பார்க்கும்போது சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்பதைச் சாயம் மறைத்துவிடும். சாணம், மண் இரண்டிலும் டெட்டனஸ் கிருமி இருக்கும். ஊசியை விளக்கில் காட்டிக் குத்திப் பார்ப்பதும் வேண்டாம். சீழ் இருக்கும் இடம் தப்பினால் கிருமி இன்னும் ஆழத்துக்குப் போகும்.

வீட்டு வைத்தியத்தில் உண்மையாகவே வேலை செய்வது சூடுதான். வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி வாட்டிக் கட்டுவது இதம் தருவதும் அந்தச் சூட்டினால்தான். அதையே சுத்தமாகச் செய்ய வெந்நீர் போதும். ஒரு டம்ளர் நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு போடலாம், போடாவிட்டாலும் குறையில்லை. குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதத்துக்குச் சூடு இருக்க வேண்டும். பத்து முதல் பதினைந்து நிமிடம் விரலை முக்கி வைத்து, எடுத்ததும் சுத்தமான துணியால் ஈரம் போக ஒற்ற வேண்டும். இப்படி நாளுக்கு மூன்று, நான்கு முறை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சூட்டைத் தாங்களே பார்க்கக் கூடாது. விரலில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெந்துபோவதுகூடத் தெரியாது. வேறொருவர் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் விரலை விட வேண்டும். மற்ற நேரத்தில் கையை நெஞ்சுக்கு மேலே தலையணையில் தூக்கி வைத்தால் தெறிப்பு நன்றாகவே குறையும்.

மோதிரத்தை முதல் நாளே கழற்றிவிடுங்கள். வீக்கம் ஏறிவிட்டால் அது விரலை இறுக்கி ரத்த ஓட்டத்தையே நிறுத்தும். நூலைச் சுற்றிச் சுற்றி மோதிரத்தை நழுவ விடும் உத்தி நல்ல விரலுக்குத்தான் சரி. சீழ் வைத்த விரலை நூலால் இறுக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிகளில் மோதிரம் வெட்டும் கருவி இருக்கும். இல்லாத ஊரில் நகை ஆசாரி இரண்டு நிமிடத்தில் அறுத்துத் தருவார். நகையைப் பிறகு ஒட்ட வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றிரண்டு நாளில் வீக்கம் வடியாவிட்டால் சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகக்கண் பளபளவென்று மஞ்சளாகவோ வெளுத்தோ தெரியும், தொட்டால் தளதளக்கும். பெருவிரலையும் வலிக்கிற விரலையும் நுனியோடு நுனி வைத்து மெல்ல அழுத்தினால், சீழ் உள்ள இடம் மட்டும் வெளுத்துக் காட்டும்.

இந்தக் கட்டத்தில் பலர் செய்வது நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போய் விரலைக் காட்டுவது. கடைக்காரர் நாலு மாத்திரையை அட்டையிலிருந்து வெட்டி ஒரு காகித உறையில் போட்டுத் தருவார். பெரும்பாலும் ஒரு ஆன்டிபயாடிக், ஒரு வலி மாத்திரை, வீக்கத்துக்கு என்று செராஷியோபெப்டிடேஸ், வயிற்றுக்கு ஒரு மாத்திரை. வெட்டிய துண்டில் பெயர் பாதிதான் இருக்கும். இதில் மூன்று சிக்கல். அந்த ஆன்டிபயாடிக் அடிக்கடி செஃபிக்ஸிமாக இருக்கும். அது ஸ்டாஃபிலோகாக்கஸிடம் சரியாக வேலை செய்யாது. 2014 முதல் ஹெச்1 பட்டியலில் இருக்கிற மருந்து அது. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாது, கொடுத்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். இரண்டாவது, பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அமாக்ஸிசிலின் கலந்த மாத்திரை வேறு பிராண்ட் பெயரில் வந்து சேர்ந்துவிடும். 625 என்று எழுதியிருந்தால் அது 500 மி.கி. அமாக்ஸிசிலினும் 125 மி.கி. கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்தது. வெளிநாட்டில் உங்கள் கோப்பில் பெனிசிலின் அலர்ஜி என்று இருந்தால் இங்கே அதை வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியும். மூன்றாவது, செராஷியோபெப்டிடேஸ். பலன் நிரூபணமாகாமல் ஜப்பானில் 2011-இலேயே விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை. ஸ்டெராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த டியூப் கிரீமையும் கேட்டு வாங்காதீர்கள். ஸ்டெராய்டு சிவப்பை அமுக்கி, ஆறிவிட்டது போலக் காட்டும். சீழ் உள்ளேயே இருக்கும்.

சித்தா பக்கம் போக விரும்புகிறவர்கள் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு ஆஸ்பத்திரிகளிலும் உள்ள சித்த மருத்துவப் பிரிவுக்கே போகலாம். புண்ணுக்கு அங்கே தரும் பச்சை நிற மத்தன் தைலம் ஊமத்தை இலைச் சாறும் துருசும் (மயில்துத்தம்) சேர்த்துக் காய்ச்சியது. திறந்த புண்ணின் மேலே போடுவதற்கு மட்டும்தான், வாயில் படக் கூடாது, குழந்தை கைக்கு எட்டக் கூடாது. மூடிய சீழ்க்கட்டியின் மேல் அதைத் தடவிப் பயனில்லை.

சீழ் உறுதியென்றால் நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வேன். இதை முழு மனதோடு சொல்கிறேன். தாலுகா ஆஸ்பத்திரியின் மைனர் ஓ.டி.யில் (சின்ன அறுவைகள் செய்யும் அறை) தினமும் நடக்கிற வேலை இது, கை பழகியவர்கள் செய்கிறார்கள். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கி அறுவைப் பிரிவு டாக்டரைப் பார்க்க வேண்டும். காசு கிடையாது, மருந்தும் உள்ளேயே தருவார்கள். மதியத்துக்கு மேல் போனால் அவசரப் பிரிவுதான், அங்கே விபத்துக் கேஸ்கள் முந்தும். டாக்டரிடம் ஒரே கேள்வியை நேராகக் கேளுங்கள்: "சீழ் இருக்கா டாக்டர், கீறி விடணுமா?" கூட்டத்தில் மாத்திரை மட்டும் எழுதி அனுப்பிவிடாமல் விரலைப் பார்க்க வைக்கும் கேள்வி இது.

சீழ் முனை கட்டி வெளுத்திருந்தால், நகத்துக்கும் தோலுக்கும் நடுவே கத்தி முனையைப் படுக்கை வாட்டில் நுழைத்துத் தோலை லேசாகத் தூக்குவார்கள். மரப்பு ஊசிகூடத் தேவைப்படாது, சீழ் தானே வழியும், வலி அந்த நொடியே பாதியாகும். ஆழமாக இருந்தால் விரலின் அடியில் இரண்டு பக்கமும் 2 சதவீத லிக்னோகெய்ன் மரப்பு ஊசி போடுவார்கள். மரக்க ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் கத்தி வைக்க வந்தால் "இன்னும் மரக்கல சார்" என்று சொல்லத் தயங்க வேண்டாம். சீழ் நகத்துக்கு அடியிலும் ஓடியிருந்தால் நகத்தில் ஒரு பகுதியை எடுப்பார்கள். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும், பழையபடி ஆக ஆறு மாதம் பிடிக்கும். ரத்தம் நிற்க விரலின் அடியில் ரப்பரோ கையுறைத் துண்டோ கட்டியிருந்தால், கட்டுப் போடுமுன் அதை அவிழ்த்தார்களா என்று நீங்களும் பாருங்கள். அதை மறந்து மேலே கட்டுப் போட்டால் விரலே கறுத்துப் போகும்.

கீறிய இடத்தின் உள்ளே செருகும் மெல்லிய காஸ் (கட்டுப் போடும் வலைத்துணி) திரியை ஒன்றிரண்டு நாளில் எடுக்க வேண்டும். புண்ணின் மேல் நேரடியாகப் பஞ்சு வைத்தால் ஒட்டிக்கொள்ளும், காஸ் வைக்கச் சொல்லுங்கள். கட்டு ஒட்டியிருந்தால் பிய்க்காமல், கொதித்து ஆறிய நீரில் நனைத்து எடுங்கள். திரி எடுத்தபின் மறுபடி வெந்நீர்தான். நன்றாகச் சீழ் வெளியேறிவிட்டால், வேறு நோய் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படாது. சிவப்பு பரவியிருந்தாலோ சர்க்கரை இருந்தாலோ செஃபலெக்ஸின், கிளாக்ஸாசிலின் போன்றவற்றை எழுதுவார்கள். போன இடத்திலேயே ரத்தச் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். அடிக்கடி நகச்சுத்தி வருகிற நாற்பது வயதுக்காரருக்குச் சர்க்கரை இருப்பது இப்படித்தான் பல நேரம் தெரியவருகிறது. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்ற விவரம் கைபேசியில் இருந்தால், தேவையில்லாமல் இன்னொரு ஊசி வாங்க வேண்டியிருக்காது.

கீறவே கூடாத விரலும் உண்டு. சீழ் இல்லாமல், தெளிந்த நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக இருந்து எரிந்தால் அது ஹெர்பிஸ் வைரஸ். வாய்ப்புண் வந்த குழந்தை விரல் சூப்பினால் இப்படி வரும். கீறினால் புண் பெரிதாகி வேறு கிருமியும் சேர்ந்துகொள்ளும்.

நகக்கண்ணை விட்டு விரல் நுனிச் சதை முழுதும் கல்லாக இறுகித் தெறித்தால் தாமதிக்கக் கூடாது. அந்தச் சதை சின்னச் சின்ன அறைகளாகத் தடுக்கப்பட்டது. சீழ் விரிய இடமில்லாமல் எலும்பை அரிக்கும், எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கும். அதைவிட அவசரம் வேறொன்று: விரல் முழுக்க ஒரே சீராக வீங்கி, லேசாக மடங்கியே இருந்து, நிமிர்த்தினால் உயிர் போகிற வலி, உள்ளங்கைப் பக்கம் நீளத்துக்கும் தொட முடியாத நோவு. தசைநார் உறைக்குள் சீழ் போய்விட்டது என்று பொருள். அன்றைக்கே கை அறுவை நிபுணர் வேண்டும். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஆர். வெங்கடசாமி 1971-இல் தொடங்கிய கை அறுவைப் பிரிவு இருக்கிறது. கோவையில் கங்கா மருத்துவமனை, வேலூரில் சி.எம்.சி. இரண்டும் இதற்குப் பெயர் பெற்றவை. ஒரு நாள் தள்ளினால்கூட விரல் மடங்காமலே நின்றுவிடலாம். கையில் சிவப்புக் கோடு ஏறினாலோ குளிர்காய்ச்சல் வந்தாலோ 108-க்குக் கூப்பிடலாம்.

திரும்பிப் போகும் பயணத்துக்கும் சில ஏற்பாடுகள் வேண்டும். மருந்தைப் பிராண்ட் பெயரோடு மூலப்பெயரிலும் எழுதி வாங்குங்கள், அங்கே உள்ள டாக்டருக்கு அதுதான் புரியும். அட்டையை வெட்டாமல் முழுதாக வாங்குங்கள். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் வலி மாத்திரையில் டிரமடால் அல்லது கோடீன் இருக்கிறதா என்று பாருங்கள். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் முன் அனுமதி இல்லாமல் அவற்றைக் கொண்டுபோவது குற்றம். காப்பீட்டுக்குத் தனியார் கிளினிக்கில் வகை வாரியாகப் பிரித்த பில்லும், டாக்டரின் பதிவு எண்ணுள்ள முத்திரையும் கேளுங்கள். சீழைக் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பியிருந்தால் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். விமானம் அதற்குள் என்றால், உங்கள் வெளிநாட்டு வாட்ஸ்அப் எண்ணை லேப் சீட்டிலேயே எழுதச் சொல்லி, வாங்கிவர உறவினர் ஒருவர் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.