மேல்கையா, மணிக்கட்டா: வீட்டுக்கு எந்த பிபி மிஷின்?

அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை ஆரம்பித்ததும், வீட்டிலேயே பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். மெடிக்கல் ஷாப்பில் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்கள். ஒன்று மேல்கையில் பட்டை சுற்றுவது. மற்றது வாட்ச் மாதிரி மணிக்கட்டில் கட்டுவது. சட்டைக் கையைச் சுருட்டக்கூட வேண்டாம். அப்பாவுக்கு இரண்டாவதுதான் பிடித்தது. வாங்கினோம். பத்து நாளில் முதலாவதையும் வாங்கினோம்.

நடந்தது இதுதான். கையை மடியில் போட்டுப் பார்த்தால் மேல் எண் 152. அதே கையை மடக்கி நெஞ்சுக்கு நேராக வைத்தால் 136. மிஷின் ரிப்பேர் என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார். மிஷினில் கோளாறே இல்லை. பட்டை கட்டிய இடம் இதயத்தைவிட 10 செ.மீ. கீழே இருந்தால், இடைப்பட்ட ரத்தத்தின் எடையும் சேர்ந்து 7 அல்லது 8 கூடுதலாகக் காட்டும். மடிக்கும் நெஞ்சுக்கும் 20 செ.மீ. என்று வைத்தால் அந்த 16-க்குக் கணக்கு வந்துவிடுகிறது. மணிக்கட்டு எங்கே வேண்டுமானாலும் போகும், மேல்கை அப்படியில்லை. கையை மேஜைமேல் நீட்டி வைத்தாலே பட்டை இதயத்துக்கு நேராக வந்துவிடும். மேல்கை மிஷினுக்கு என் ஓட்டு விழுவது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

ஆனால் அதிலும் ஒரு வம்பு உண்டு: பட்டையின் அளவு. பெட்டியோடு வரும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்குத்தான். தடித்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும். கடைக்குப் போகுமுன் தையல் டேப்பால் மேல்கையின் நடுவில் அளந்துகொள்ளுங்கள். எந்தப் பட்டையும் சேராத அளவுக்குக் கை தடித்தவர்களுக்கு மணிக்கட்டு மிஷினே மேல். கையை நெஞ்சுக்கு நேராக வைக்க மறக்கக்கூடாது, அவ்வளவுதான்.

டிஜிட்டல் மிஷின் பழைய பாதரச மிஷினுக்கு ஈடு வருமா என்று கேட்கும் மாமா எல்லார் வீட்டிலும் இருப்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு ஸ்டெதாஸ்கோப்பும், 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரட்காஃப் விவரித்த அந்த ‘டப் டப்’ சத்தத்தைப் பிடிக்கும் பழகிய காதும் வேண்டும். தவிர, பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா ஒப்பந்தத்துக்கு (2013) அப்புறம் பாதரசக் கருவிகளை உலகமே கைவிட்டு வருகிறது. டிஜிட்டல் மிஷின் சத்தத்தைக் கேட்பதில்லை; பட்டையில் ஏற்படும் நாடி அதிர்வை வைத்து மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கணக்குப் போடுகிறது. அதனால் இதயத்துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களிடம் மேல்கை, மணிக்கட்டு இரண்டு வகையுமே தடுமாறும்.

ஸ்மார்ட் வாட்ச்? நாடித்துடிப்பு பார்க்க வசதியானது (ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை சரி). பிரஷருக்கு வேண்டாம். சாம்சங் வாட்சையே எடுத்துக்கொண்டால், 28 நாளுக்கு ஒருமுறை மேல்கை மிஷினோடு ஒப்பிட்டுச் சரிசெய்யச் சொல்கிறது. எப்படியும் அந்த மிஷினை வாங்கத்தான் வேண்டும் என்றால் வாட்ச் எதற்கு?

எதை வாங்கினாலும் அப்பா செய்வதைச் செய்யாதீர்கள்: பட்டை இறுகும்போதே கரண்ட் பில்லைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். பேசினாலே எண் ஏறும். காபி குடித்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்க்க வேண்டும். டாக்டரைப் பார்க்கும் முன் ஒரு வாரம், காலையும் இரவும் இப்படிக் குறித்தால் போதும். கிளினிக்கில் 140/90 எல்லை என்றால் வீட்டில் 135/85. வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் சிலருக்கு ஏறிவிடுகிறதே, அதற்காக. 180/120-ஐத் தாண்டி நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் நோட்டை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மணிக்கட்டு மிஷின் இப்போது அப்பாவின் ஊர்ப் பைக்குள் இருக்கிறது. ரயிலில் வைத்துப் பார்க்காதீர்கள், ஆட்டத்தில் எண் நிலையாக வராது என்று சொல்லி வைத்திருக்கிறேன். கேட்கிறாரா என்பது வேறு விஷயம்.