ரேடியேட்டர் ஃபேனுக்குத் தனி சுவிட்ச்: சில கோடைகள் ஓட்டிப் பார்த்த பிறகு

பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர் யாராவது ரேடியேட்டர் ஃபேனுக்கு டேஷ்போர்டில் தனியாக ஒரு சுவிட்ச் வைக்கலாமா என்று கேட்டால், தாராளமாக வைக்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் ஃபேன் தானாக ஓடும் இணைப்பை வெட்டிவிட்டு வைக்கக் கூடாது. சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கும் கட்டாயம் வேண்டும். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு சேலம், ஓசூர், அஞ்செட்டி என்று சில கோடைகளாக இந்த ஏற்பாட்டோடுதான் ஓட்டுகிறேன். சுவிட்சைவிட அந்த விளக்குதான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

வண்டி ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முன்னால் அடிக்கிற காற்றே ரேடியேட்டருக்குப் போதும். ஃபேனின் அருமை மெதுவாக ஊரும்போதுதான் தெரியும். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் நமக்கு ஏற்றம். பாரம் ஏற்றிய லாரி முன்னால் முக்கிக்கொண்டு போகும், அதன் பின்னால் இரண்டாவது கியரில் நாம். இன்ஜின் மூச்சைப் பிடித்து உழைக்கிறது, காற்றோ உள்ளே வருவதில்லை. மாம்பழ சீசனில் கூழ் ஆலைகளுக்குப் போகும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போதும் இதே பாடுதான். தண்ணீரின் சூட்டைப் பார்த்து ஃபேனைத் தானாகப் போடுவது தெர்மோ சுவிட்ச். அது பெரும்பாலும் 90 டிகிரிக்கு மேல் போன பிறகுதான் ஃபேனைப் போடும். ஏற்றத்தில் அதற்குள் சூடு சேர்ந்துவிடுகிறது. கணவாயின் அடிவாரத்திலேயே ஃபேனைப் போட்டுக்கொண்டு ஏறினால் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டாமல் நிற்கிறது. இதற்காகத்தான் சுவிட்ச்.

இந்த வண்டி என்னிடம் வரும்போதே ஒரு சுவிட்ச் இருந்தது. முன்பு வைத்திருந்தவர் யாரிடமோ கொடுத்து, பேட்டரியிலிருந்து நேராக டேஷ்போர்டு சுவிட்சுக்கு ஒரு ஒயர், அங்கிருந்து ஃபேனுக்கு ஒரு ஒயர் என்று இழுத்து வைத்திருந்தார். சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ரிலே கிடையாது, ஃப்யூஸும் கிடையாது. ஃபேனைப் போட்டுவிட்டுச் சுவிட்சைத் தொட்டால் விரல் சுடும். சின்னக் காரின் ஃபேன்கூட ஓடும்போது 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், கிளம்புகிற நொடியில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. அந்தச் சுவிட்ச் அதற்குச் செய்யப்பட்டதே இல்லை. ஒயர் எங்காவது பாடியில் உரசித் தோல் போனால் தீப்பிடிப்பதைத் தடுக்கவும் ஒன்றும் இல்லை. தெரிந்த எலக்ட்ரீசியனிடம் காட்டினேன். "ஓடிட்டுதானே இருக்கு சார், எதுக்குப் பிரிக்கணும்?" என்றார். பிரித்தே ஆகவேண்டும் என்று உட்கார்ந்து எல்லாவற்றையும் கழற்றினோம்.

இப்போது இருக்கும் ஒயரிங் இப்படி. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரியை ஒட்டியே 20 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ், அங்கிருந்து ரிலேயின் 30-ஆம் நம்பர் காலுக்கு. 87-ஆம் காலிலிருந்து ஃபேனுக்கு. ஃபேனின் இன்னொரு ஒயர் எர்த்துக்கு. இது கனமான கரண்ட் போகும் பாதை. பானெட்டுக்கு உள்ளேயே முடிந்துவிடுகிறது. ரிலேயை இழுக்க வைக்கும் சுருளான காயிலுக்கு 86-இல் சாவி போட்டால் வரும் பாசிட்டிவ். 85-இலிருந்து ஒயர் தெர்மோ சுவிட்சுக்குப் போகிறது. சூடானால் அது எர்த் கொடுக்கும், ரிலே இழுக்கும். அதே 85-இலிருந்து இன்னொரு மெல்லிய ஒயர் டேஷ்போர்டு சுவிட்சுக்கு வந்து, சுவிட்சின் மறுபக்கம் எர்த். அவ்வளவுதான். இரண்டில் எது எர்த் கொடுத்தாலும் ஃபேன் ஓடும். நான் சுவிட்சைப் போட மறந்தாலும் தெர்மோ சுவிட்ச் பார்த்துக்கொள்ளும், தெர்மோ சுவிட்ச் போய்விட்டால் நான் பார்த்துக்கொள்வேன். டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் போவது ரிலே காயிலுக்கான கால் ஆம்பியருக்கும் குறைவான கரண்ட். சுவிட்ச் இப்போது சுடுவதே இல்லை.

86-க்குச் சாவி சப்ளை கொடுத்ததற்குக் காரணம் உண்டு. இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் ஓடட்டும் என்று சிலர் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுப்பார்கள். ஆனால் வாட்டர் பம்ப் இன்ஜின் பெல்ட்டில் சுற்றுவது. இன்ஜின் நின்றால் தண்ணீரும் நின்றுவிடும். ரேடியேட்டரில் இருக்கும் தண்ணீர் ஆறுமே தவிர இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குப் பெரிய பலன் இல்லை. சுவிட்சை அணைக்க மறந்தால் காலையில் பேட்டரியும் படுத்துவிடும். மேட்டில் ஏறி நிறுத்தினால் இன்ஜினையும் ஃபேனையும் ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு, முள் இறங்கியதும் அணைப்பதுதான் சரி.

விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். சுவிட்சிலேயே விளக்கு வைத்து விற்கிறார்கள். அது சுவிட்ச் போடப்பட்டிருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். நான் விளக்கை 87-ஆம் காலிலிருந்து எடுத்தேன். ரிலே உண்மையிலேயே ஃபேனுக்குக் கரண்ட் கொடுத்தால்தான் அது எரியும். தெர்மோ சுவிட்ச் தானாகப் போட்டாலும் எரியும். ஆகவே ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஃபேன் எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று தெரிந்துவிடுகிறது. வழக்கத்தைவிட நீண்ட நேரம் எரிந்தால் முள் ஏறுவதற்கு முன்பே கூலன்ட் அளவைப் பார்த்துவிடலாம்.

இத்தனை காலத்தில் வந்த கோளாறுகளில் பாடம் சொன்னது ஃப்யூஸ் ஹோல்டர்தான். ஃபேன் ஓடியது, விளக்கும் எரிந்தது, ஆனால் காற்று சோம்பலாக வந்தது. மோட்டார் போய்விட்டது, மாற்றுங்கள் என்று ஒரு கடையில் சொன்னார்கள். மாற்றுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்தேன். இன்ஜின் ஓட, ஃபேன் ஓட, பேட்டரியில் 13.8 வோல்ட். ஃபேனின் இரண்டு முனையிலும் 11.7. நடுவில் 2.1 வோல்ட் எங்கே போனது? பேட்டரி நெகட்டிவுக்கும் ஃபேனின் எர்த் முனைக்கும் நடுவே வைத்தால் 0.2, அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபேன் பாசிட்டிவுக்கு 1.9. அப்புறம் ஒவ்வொரு இணைப்பாகத் தாண்டித் தாண்டி வைத்துக்கொண்டே வந்தால், ஃப்யூஸ் ஹோல்டரின் இரு பக்கம் மட்டும் 1.6. ஹோல்டரைத் திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் பழுப்பேறி, ஃப்யூஸ் காலைப் பிடிக்கும் பித்தளைத் தகடு விரிந்து தளர்ந்திருந்தது. அந்த 1.6 வோல்ட்டும் ஏறக்குறைய 16 வாட் சூடாக அந்தச் சின்ன டப்பாவுக்குள் எரிந்துகொண்டிருந்தது. கனமான ஒயர் வைத்த, மூடியுள்ள நல்ல ஹோல்டர் போட்டதும் ஃபேன் பழையபடி சீறியது. மோட்டாருக்குச் செலவே இல்லை. கன்டினியூட்டி, அதாவது ஒயர் அறுபடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் இது பிடிபட்டிருக்காது, லோடு ஓடும்போதுதான் வோல்ட் குறைவது தெரியும்.

மற்றதெல்லாம் சின்னச் சின்னது. ரிலே "டிக்" என்கிறது, விளக்கு எரியவில்லை என்றால் ஃப்யூஸ் போயிருக்கும், இல்லாவிட்டால் ரிலேயின் பாயின்ட் கருகியிருக்கும். விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றவில்லை என்றால் முதலில் எர்த் போல்ட், அடுத்து மோட்டாரின் கார்பன் பிரஷ். மோட்டார் உடலை ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டியதும் சுற்ற ஆரம்பித்தால் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். தானாக ஓடவில்லை, சுவிட்சில் ஓடுகிறது என்றால் சாவி போட்டுத் தெர்மோ சுவிட்ச் ஒயரைக் கழற்றி எர்த்தில் தொட்டுப் பாருங்கள். ஃபேன் வந்தால் ஒயர் சரி, தெர்மோ சுவிட்ச்தான் போயிருக்கிறது. கை வைக்கும் முன் சட்டைக் கையையும் விரலையும் ஃபேன் பக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ளுங்கள். மற்ற வேலைகளுக்கு ஃப்யூஸை உருவிவிட்டே இறங்குங்கள். எர்த் எடுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, ஒயர் முனையில் லக் (வளையத் தகடு) வைத்து முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ். ரிலேயின் கால்கள் கீழே பார்க்கும்படி மாட்டினால் மழைநீர் உள்ளே தங்காது.

எந்நேரமும் சுவிட்சைப் போட்டால்தான் வண்டி ஓடும் என்ற நிலை வந்தால், சுவிட்சை நம்பாமல் ரேடியேட்டரைப் பாருங்கள். நம் பக்கத்து போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஃப்ளோரைடு தொல்லைக்காகவே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆனால் ரேடியேட்டருக்கு எமன் அந்தத் தண்ணீரில் இருக்கும் உப்பு. வருடக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றினால் குழாய்களுக்குள் வெள்ளையாகப் பூத்து அடைத்துக்கொள்ளும். அதற்கு எந்த ஃபேனும் பதில் சொல்லாது. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள். ஹீட் ஆகிறது என்று, இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிகிற பழக்கமும் இங்கே உண்டு. பனிக்காலக் காலையில் ஓசூர் பக்கம் போனால் இன்ஜின் சூடேறவே நேரம் எடுக்கும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். வால்வு இருக்கட்டும்.

ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) உள்ள புதிய வண்டிகளுக்கு இதை அப்படியே செய்யாதீர்கள். அவற்றில் ஃபேனை ஓட்டுவது அந்தக் கம்ப்யூட்டர், ஏசி பிரஷரையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறது. அந்த ஒயரில் எர்த்தைக் கொடுத்துப் பார்க்கும் சோதனை விலை உயர்ந்த சாமானில் போய் முடியலாம். அந்த வண்டிகளில் ஃபேன் வரவில்லை என்றால் ஸ்கேனர் உள்ள இடத்துக்கே கொண்டுபோங்கள்.