கழுத்து ரத்தக்குழாய்ப் படிவு: டாப்ளரா, சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

வலது கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. பத்து நிமிடம் அப்பாவுக்கு நாக்குக் குழறியது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் பேசினார். திருமங்கலத்திலிருந்து அன்றே மதுரைக்கு அழைத்து வந்தோம். இடது கழுத்து ரத்தக்குழாயில் கொழுப்புப் படிவு என்றார்கள்.

டாப்ளர் என்பது ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செலவு குறைவு, ஊசி இல்லை. யாரானாலும் முதலில் அதுதான். ரத்தம் பாயும் வேகம் நொடிக்கு 125 செ.மீ. தாண்டினால் பாதிக்கு மேல் அடைப்பு, 230 தாண்டினால் 70 சதவீதத்துக்கு மேல் என்று கணிப்பார்கள். 70க்கு மேலே போய், இப்படி அறிகுறியும் வந்துவிட்டால் அறுவை சிகிச்சைக்குப் பெரும்பாலும் தயங்க மாட்டார்கள். அப்பா இரண்டுக்கும் நடுவில் நின்றார். திண்டாட்டமே அங்குதான்.

சி.டி. ஆஞ்சியோகிராம் சீக்கிரம் முடியும், சுண்ணாம்பு படிந்திருந்தால் நன்றாகக் காட்டும். ஆனால் குழாய் தெளிவாகத் தெரிய அயோடின் மருந்து ஏற்ற வேண்டும், அது தளர்ந்த சிறுநீரகத்துக்கு ஆகாமல் போகலாம். அப்பாவுக்கு இருபது வருடச் சர்க்கரை, சிறுநீரகத் தளர்ச்சியைக் காட்டும் கிரியாட்டினினும் ரத்தத்தில் ஏறியிருந்தது. அதை விட்டுவிட்டோம்.

எம்.ஆர்.ஐ. பக்கம் என்னைச் சாய்த்தது ஒரே காரணம்: படிவுக்குள் என்ன இருக்கிறது என்று அது காட்டும். ஒரே அளவு அடைத்த இரண்டு படிவுகள் ஒன்றல்ல. ஒன்று தடித்த தோல் மூடி, கெட்டிப்பட்டு, வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். இன்னொன்று பழுத்த கட்டிபோல. மெல்லிய தோலுக்கடியில் கொழுப்பும் கசிந்த ரத்தமும். அது உடைந்தால் ரத்தக்கட்டி நேரே மூளைக்குப் போகும். கசிந்த ரத்தம் பழசாகும்போது உண்டாகும் மெட்ஹீமோகுளோபின், 'டி1' என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். இதைப் பார்க்க மருந்து ஏற்றவே வேண்டியதில்லை. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இடம் தேடும்போது கவனமாக இருங்கள். முதலில் விசாரித்த ஒரு மையத்தில் 'கழுத்து எம்.ஆர்.ஐ.' என்று சொன்னது, ரத்தம் ஓடும் பாதையை மட்டும் காட்டும் ஆஞ்சியோ. "குழாயின் சுவரையும் படிவையும் எடுப்பீர்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அப்பாவின் வெள்ளி அரைஞாண் கழலாமல், அங்கேயே வெட்ட வேண்டியதாயிற்று. வீட்டிலேயே எடுத்துவிட்டுப் போங்கள். எச்சில் விழுங்கினாலே படம் கலங்கும். வெற்றிலை போட்டுப் பழகியவரால் அடக்க முடியவில்லை. ஒரு வரிசைப் படங்களை மறுபடி எடுத்தார்கள், முக்கால் மணி நேரம் ஆனது. பேஸ்மேக்கர் இருந்தால் தேதி வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் அனுபவம் ஒரே ஒரு கழுத்து, ஒரே ஒரு ஸ்கேன். இதயக் குழாய்க்கும் இதுவே சரி என்று சொல்ல மாட்டேன். அது சிறியது, ஓயாமல் அசைவது, அங்கே சி.டி.யின் கைதான் ஓங்கியிருக்கிறது.

படத்தில் அரிசி மணி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. டாக்டர் பேனா முனையால் தொட்டுக் காட்டி, "இனித் தள்ளிப்போட வேண்டாம்" என்றார். நான்காம் நாள் அறுவை சிகிச்சை நடந்தது.