அப்டேட்டை யாரிடம் வாங்குவது: சர்வரிடமா, பக்கத்துக் கணினியிடமா?

ஓர் அலுவலகத்தில் 20 கணினிகள், 100 எம்பிபிஎஸ் இணைப்பு. விண்டோஸ் அப்டேட் 4 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கணினியும் மைக்ரோசாப்ட் சர்வரிடமே போய் நின்றால் மொத்தம் 80 ஜிபி. லைன் முழு வேகத்தில் ஓடினாலும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை யாரும் நிம்மதியாக ஒரு மெயில் அனுப்ப முடியாது. ஒன்று இறக்கியதை மற்றவை துண்டு துண்டாக வாங்கிக்கொண்டால், வெளியிலிருந்து வருவது 4 ஜிபிக்குக் கொஞ்சம் மேலே. மீதி அலுவலகக் கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்குள்ளேயே சுற்றும்.

2015-ல் விண்டோஸ் 10-உடன் வந்த டெலிவரி ஆப்டிமைசேஷன் செய்வது இதைத்தான். ஆனால் அப்போது ஹோம், ப்ரோ பதிப்புகள் இணையத்தில் முகம் தெரியாத கணினிகளுக்கும் பங்கு கொடுத்தன. என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகள் உள் நெட்வொர்க்கோடு நின்றன. டேட்டாவை எண்ணிச் செலவழிக்கும் வீட்டுக்காரர் தலையில் சுமையைக் கட்டியது எனக்கு இன்றும் உறுத்துகிறது. இணைப்பை ‘மீட்டர்டு’ (டேட்டா அளவோடு உள்ளது) என்று குறித்தால் பதிவேற்றாது, சரி. குறிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்?

வைரஸ் பயம் வேண்டாம். துண்டுகளைச் சரிபார்க்கும் ஹேஷ், அதாவது ஃபைலின் கைரேகை போன்ற எண், மைக்ரோசாப்டிடமிருந்தே நேராக வருகிறது. பக்கத்துக் கணினி கொடுத்தது பொருந்தாவிட்டால் குப்பைக்குப் போகும்.

லினக்ஸ் வகையான உபுண்டுவை நிறுவ உதவும் ஐஎஸ்ஓ போன்ற பெரிய ஃபைலுக்கு, இறக்குபவர்களே ஒருவருக்கொருவர் துண்டுகளைப் பகிரும் டொரண்ட்தான் என் ஓட்டு. வெளியீட்டு நாளில் கூட்டம் கூடக்கூட மிரர் (நகல் வைத்திருக்கும் சர்வர்) திணறும், டொரண்டோ வேகமெடுக்கும். உபுண்டுவின் பேக்கேஜ் கருவியான ஆப்ட் வழியே வரும் தினசரி அப்டேட் வேறு கதை. சில நூறு கேபி பேக்கேஜுக்கு ஆள் தேடுவதற்குள் மிரரிலிருந்து இறங்கியே விடும். அலுவலகமென்றால் பழைய கணினி ஒன்றில், ஒருமுறை இறங்கிய பேக்கேஜைச் சேமித்து மற்றவற்றுக்குக் கொடுக்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி போட்டால் போதும். அதை யாராவது ஆஃப் செய்யாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டேட்டா சென்டருக்குள் டொரண்டின் நெறிமுறையான பிட்டொரண்டை விஞ்ச ஆளில்லை. 2010-ல் ட்விட்டர் ஆயிரக்கணக்கான சர்வர்களுக்குப் புது நிரலை அனுப்ப, பிட்டொரண்டை வைத்து ‘மர்டர்’ என்றொரு கருவி செய்தது. 40 நிமிட வேலை 12 விநாடியானது. ஆங்கிலத்தில் காக்கைக் கூட்டத்துக்கு அந்தப் பெயராம். இனத்தைக் கூப்பிட்டுத் தின்னும் பறவைதானே!

ஆகவே அலுவலகத்தில் டெலிவரி ஆப்டிமைசேஷனை ‘உள் நெட்வொர்க் மட்டும்’ என்று வையுங்கள். ஒரு வாரம் கழித்து செட்டிங்ஸில் ஆக்டிவிட்டி மானிட்டரைப் பாருங்கள். உள்ளூர்க் கணினிகளின் பங்கு 0% என்று காட்டினால், கணினிகள் துண்டுகளைப் பரிமாறும் 7680 போர்ட் ஃபயர்வாலில் மூடியிருக்கிறதா என்பதை முதலில் கவனியுங்கள்.