1/35 டாங்கிகளில் பித்தளை எட்ச் பாகங்கள்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நிஜ டாங்கியை 35-இல் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்டிக் மாடல்களைப் பற்றிய பேச்சு இது. 1/35 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 35 மில்லிமீட்டர். கிட்டில் (மாடலின் பாகங்கள் வரும் பெட்டியில்) இருக்கும் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பதிலாக ஒட்டுகிற மெல்லிய பித்தளைப் பாகங்கள், அதாவது எட்ச் செட், வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பயன்படுத்திய பான்சர் 4 டாங்கியின் ஷூர்ட்சன் தகடுகளையே, அதாவது வெளியே மாட்டும் கூடுதல் கவசத் தகடுகளையே, எடுத்துக்கொள்வோம். சோவியத் படைகளின் 14.5 மி.மீ. டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிகளுக்காக 1943-இல் மாட்டத் தொடங்கியவை. பக்கவாட்டில் தொங்கும் தகட்டின் கனம் 5 மி.மீ., டரெட்டை (மேலே சுழலும் பீரங்கிக் கூண்டை) சுற்றியது 8 மி.மீ. ஐந்தை 35-ஆல் வகுத்தால் 0.14 மி.மீ. வருகிறது. கிட்டில் இருக்கும் பிளாஸ்டிக் தகடு ஒரு மி.மீ. கனம் என்றால், நாம் 35 மி.மீ. இரும்பைத் தொங்கவிட்டிருக்கிறோம் என்று பொருள். அந்த டாங்கியின் பக்கவாட்டுக் கவசமே 30 மி.மீ. தான்! எட்ச் பித்தளையோ பெரும்பாலும் 0.1 முதல் 0.2 மி.மீ. கனத்தில் வருகிறது. இந்த இடத்தில் பிளாஸ்டிக்கால் அதோடு போட்டியே போட முடியாது.

ஆனால் இதே பித்தளையை எல்லா இடத்திலும் ஒட்டச் சொல்லும் செட்களும் இருக்கின்றன. அங்கேதான் எனக்கு ஒத்துப்போகவில்லை. எட்ச் என்பது தகட்டை அமிலத்தில் அரித்து எடுப்பது. அதனால் எந்தப் பாகமாக இருந்தாலும் தட்டையாகத்தான் வரும். சோவியத் டி-34 டாங்கியில் காலாட்படையினர் பிடித்துக்கொண்டு போகும் கைப்பிடிகள் உருண்டைக் கம்பிகள். அவற்றைத் தட்டைப் பித்தளையில் செய்து ஒட்டினால் பட்டை அடித்த மாதிரி இருக்கும். பழைய மின்சார ஒயரை உரித்து உள்ளேயிருக்கும் செம்புக் கம்பியை வளைத்தால் செலவும் இல்லை, பார்க்கவும் சரியாக இருக்கும். அதே டி-34-இன் பின்பக்க எஞ்சின் மூடியில் ஒரு கம்பி வலை இருக்கிறது. பிளாஸ்டிக்கில் அது வெறும் கோடு போட்ட பலகை மாதிரி வரும். எட்ச் வலையைப் போட்டால் உள்ளே இருட்டு தெரியும். டி-34-க்கு அந்த வலை ஒன்றே எனக்குப் போதும்.

எல்லாரும் பயப்படுவது ஜெர்மன் டாங்கிகளின் கருவிப் பிடிப்புகளுக்குத்தான். மண்வெட்டி, கோடாரி, கம்பி வெட்டி எல்லாவற்றையும் உடலோடு இறுக்கிப் பிடிக்கும் சின்ன கிளாம்ப்கள். பிளாஸ்டிக்கில் கருவியோடு சேர்த்தே ஒரு கட்டியாக வார்த்திருப்பார்கள். எட்ச்சில் ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து துண்டுகள்: அடித்தட்டு, 'ப' வடிவத்தில் மடிக்க வேண்டிய சட்டம், மேலே பூட்டும் நாக்கு, ஒரு மி.மீ.கூட இல்லாத கைப்பிடி. மடிப்புக் கோடு உள்பக்கமாக வரும்படி மடிக்க வேண்டும். மாற்றி மடித்துவிட்டுத் திரும்ப நிமிர்த்தினால் அந்தக் கோட்டிலேயே ஒடிந்துவிடும். முதலில் அடித்தட்டையும் சட்டத்தையும் ஒட்டி, கருவியை உள்ளே வைத்துப் பார்த்து, கடைசியில்தான் நாக்கைப் பூட்ட வேண்டும். ஒரு டாங்கிக்கு இதுபோல ஒரு படையே தேவைப்படும். நான் கண்ணில் படும் பக்கத்துக்கு மட்டும் எட்ச் போட்டுவிட்டு, கயிறுக்கும் மூட்டைக்கும் பின்னால் மறைகிற இடத்தில் பிளாஸ்டிக்கையே விட்டுவிடுகிறேன். இதுவரை யாரும் கேட்டதில்லை.

கருவிகளில் காசு போட வேண்டிய ஒரே இடம் ட்வீசர். பொழுதுபோக்குக் கடைகளில் தேடுவதைவிட, பத்தர்களுக்கும் வாட்ச் ரிப்பேர்காரர்களுக்கும் சாமான் விற்கும் கடைக்குப் போங்கள். நுனி இரண்டும் இடைவெளி இல்லாமல் சேர்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கலாம். நுனி சரியில்லாத ட்வீசரில் கொஞ்சம் அழுத்தினாலே துண்டு தெறித்துவிடும். தெறித்ததைக் காந்தம் வைத்துத் தேடலாம் என்றால், பித்தளை காந்தத்துக்கு ஒட்டாது. பழைய வேட்டி ஒன்றை மேசை விளிம்பில் கிளிப் போட்டு மடியில் விரித்துக்கொள்வது எனக்கு நிரந்தர ஏற்பாடாகிவிட்டது. அப்புறம், ஃபேனை நிறுத்த வேண்டும். சென்னையில் மே மாதம் இதைச் செய்கிறவருக்குப் பொறுமை பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

மடிக்கும் கருவிகள் விலை அதிகம். பெரிய ஃபெண்டர் (சங்கிலிப் பட்டைக்கு மேலே வரும் மட்கார்டு) மடிக்கும்போது உதவும். சின்னத் துண்டுகளுக்கு ஒரு ஸ்டீல் ஸ்கேலும் பிளேடும் போதும். தகட்டிலிருந்து வெட்டி எடுக்கக் கீழே ரப்பர் பாய் வேண்டாம், பித்தளை அதில் அமுங்கி வளைந்துவிடும். டைல்ஸ் துண்டு அல்லது கண்ணாடி வைத்து வெட்டினால் சுத்தமாக வரும். வளைவான பாகங்களை மெழுகுவத்திச் சுடரில் காட்டி ஆறவிட்டால் பித்தளை இளகி, சொன்னபடி கேட்கும். ஆனால் நேராக நிற்க வேண்டிய பாகத்தைச் சுட்டுவிடாதீர்கள். அதன்பிறகு தொட்டாலே வளையும்.

இனி ஒட்டுவது. ஃபெவிக்விக் மாதிரியான பசைகள் காற்றில் இருக்கும் ஈரத்தை வாங்கித்தான் இறுகுகின்றன. கடலோர ஊர்களில் அதனால் சட்டென்று பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்காது. தையல் ஊசியின் காதை மேலே உடைத்துவிட்டால் சின்னக் கவை மாதிரி ஆகும். அதில் நிற்கும் துளியை மட்டும் மூட்டில் தொட்டுவிட்டால் பசை தானாக உள்ளே ஓடிவிடும். பாட்டிலிலிருந்து நேராக ஊற்றினால் நுணுக்கமெல்லாம் மூழ்கிப்போகும்.

வருடங்கள் கழித்துத்தான் இந்தப் பசையின் குணம் தெரிகிறது. நேராக இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் லேசாகத் தட்டினால் விட்டுவிடும். தூசி தட்டும்போது என் அலமாரியில் விழுந்தவை எல்லாம் பசையில் ஒட்டிய ஃபெண்டர் ஓரங்களும் ஷூர்ட்சன் தாங்கிகளும்தான். ஈயம் வைத்து சால்டர் செய்தவை அப்படியே இருக்கின்றன. அதனால் பித்தளையோடு பித்தளை சேருமிடத்தில் சால்டர், பிளாஸ்டிக்கோடு சேருமிடத்தில் பசை என்று பிரித்துக்கொண்டேன். சால்டரிங் அயர்ன் வீட்டில் இருந்தால் இதற்குத் தனிச் செலவும் கிடையாது.

பெயிண்ட்டும் அப்படித்தான். பித்தளையில் கை எண்ணெய் இருந்தாலோ மெட்டல் பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்காமல் விட்டாலோ, அடித்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நாள்பட்டால் ஓரங்களில் பெயிண்ட் உரிந்து மஞ்சள் எட்டிப் பார்க்கும். டாங்கியில் இரும்பு தெரியலாம், தங்கம் தெரியக் கூடாது அல்லவா? பிளாஸ்டிக்கில் ஒட்டும் முன்பே பித்தளையை அசிட்டோனில் துடைத்து (அது பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்), பிரைமர் அடித்து, அப்புறம் நிறம்.

விலையைப் பொறுத்தவரை, முழு செட் சில சமயம் கிட்டின் விலையையே தொடுகிறது. அதில் பாதித் துண்டுகள் தகட்டிலேயே தங்கிவிடும் என்று தெரிந்தே வாங்க வேண்டும். வலைகள் மட்டும், ஃபெண்டர் மட்டும் என்று தனியாக வருவது கிடைத்தால் அதையே எடுப்பேன். அடுத்து மேசைக்கு வருவது ஷெர்மன் என்ற அமெரிக்க டாங்கி. அதன் முன்விளக்குக் காப்புகள் நிஜத்திலேயே தட்டைப் பட்டையை வளைத்துச் செய்தவை. அவற்றுக்கு மட்டும் பித்தளை வாங்கியிருக்கிறேன், மீதியெல்லாம் கிட்டில் வந்த பிளாஸ்டிக்தான்.